கல் வடக்கிருந்த கதை



திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. பாரியை இழந்த புலவர் அங்கே வடக்கிருந்து உயிர் துறந்தார் என்பது மரபு. வீரட்டானத்துக் கல்வெட்டோ அவர் தீப்புகுந்தார் என்று கூறும். எது மெய் என்பது இருக்கட்டும். தீயினின்று வெளிப்பட்டு வடக்கிருந்த கற்களும் உண்டு என்பதே இன்றைய பேச்சு.

உருகிய பாறைக் குழம்பில் இரும்புச்சத்து உண்டு. குழம்பு இறுகும்போது அதிலிருந்து மேக்னடைட்டு என்னும் காந்தத்தாது நுண்துகள்களாக உருவாகும். வெப்பம் ஏறத்தாழ 580 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கியதும் அத்துகள்கள் அன்றைய புவிக்காந்தத்தின் திசையை ஏற்று உறைந்துவிடுகின்றன. திசையோடு சாய்வும் பதிகிறது. தடையின்றித் தொங்கும் காந்த ஊசி நிலநடுக்கோட்டருகே கிடையாக நிற்கும். துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகும். ஆகவே பழம்பாறையின் சாய்வை அளந்தால், அது பிறந்த நாளில் எந்த அட்சக்கோட்டில் இருந்தது என்று கணிக்கலாம். தீர்க்கக்கோட்டை மட்டும் கல் சொல்லாது.

கல்லைப் பெயர்க்கும் முன் அது கிடந்த திசையை அதன்மேலேயே குறித்தாக வேண்டும். குறியாது உடைத்த கல் ஊமை. சில பாறைகளின் காந்தம் திசைகாட்டியையே ஏமாற்றும். அங்கே ஞாயிற்றின் நிழலே துணை.

கல்வராயன் மலை எளிதில் வாய் திறவாத மலை. அதன் பெரும்பகுதி சார்னோக்கைட்டுப் பாறை. (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடந்த கல்லை ஆராய்ந்து ஹாலந்து இட்ட பெயர் அது, கல்லறைக்கும் கல்லுக்கும் உள்ள உறவு நடுகல் நாட்டாருக்குப் புதிதன்று.) ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் 700 பாகைக்கு மேல் வெந்து உருமாறிய கல் இது. முந்தைய நினைவை அவ்வெப்பம் துடைத்துவிட்டது. ஆதலால் ஆய்வாளர் இத்தகைய பாறைகளைப் பிளந்து பின்னாளில் ஏறிய கரும்பாறைச் சுவர்களை நாடுவர். கல் வணிகர் கறுப்பு கிரானைட்டு என்று வெட்டி விற்பதும் அவ்வினத்தையே. திருவண்ணாமலை, தருமபுரிப் பகுதிச் சுவர்களின் தொல்காந்தத்தை இராதாகிருஷ்ணா, ஜோசப் இருவரும் அளந்து 1996-இல் வெளியிட்டனர்.

ஆயினும் இந்நிலத்தின் பெரும்பயணத்தை முதலில் உரைத்தவை தக்காணத்து எரிமலைப் பாறைகள். வேகனர் 1912-இல் கண்டங்கள் நகர்ந்தன என்றபோது ஏற்றவர் சிலரே. 1950-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்சு மாணவர் எட்வர்டு இர்விங், புள்ளியியலார் ஃபிஷரின் தூண்டுதலால் தக்காணத்துக் கற்களை அளந்தார். இந்தியா வடக்கே ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் வந்திருக்கிறது, இடஞ்சுழியாகத் திரும்பியும் இருக்கிறது என்று அவை காட்டின. 1954-இல் அவருடைய ஆய்வேட்டுக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. ஆய்வேடு எழுதி வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தவர்கள் இவ்வவையிலும் உளர்; அவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அதே பல்கலைக்கழகம் 1965-இல் அவருக்கு உயர்பட்டம் அளித்தது.

இங்கே பாவலர்க்கு ஒன்று கூறியாக வேண்டும். இலெமூரியா என்பது, மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருந்தமைக்கு விடை தேடி 1864-இல் சிலேட்டர் கற்பித்த நிலம். அந்த விடை இன்று தேவையில்லை. இரு நிலமும் ஒட்டியிருந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. அப்போது மாந்தரே இல்லை. களவியலுரை கூறும் கடல்கோள் வேறு செய்தி. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது; பின்னர் ஏறிய நீர் கரையோர நிலங்களை விழுங்கியது. கரை மூழ்கியதைக் கொண்டு கண்டமே மூழ்கியதாகப் பாடுதல் தகாது. பாடுதற்குரியது இந்நிலம் நடந்த நடை.

அது நிற்கவுமில்லை. கல்வராயன் மலையும் கபிலர் குன்றும் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கின்றன.