பொதியோடு போகவேண்டிய தாள்



திருநின்றவூரை அடுத்து புறநகர் ரயில் நிற்கும் இந்த வேப்பம்பட்டில் இன்று கூடியிருப்போர் பலரின் பையில் ஒரு பென்டிரைவ் இருக்கும். அதில் லினக்ஸ், நாலைந்து தமிழ் எழுத்துருக்கள், யாரோ எழுதிய நிரல்கள். எல்லாமே காசில்லாமல் வந்தவை. அவற்றைப் படியெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாமா? திருத்திக் கொடுக்கலாமா? விற்கலாமா? மூன்றுக்கும் விடை சொல்வது உரிமம். இக்கருத்தரங்கு எடுத்துக்கொண்ட பொருளும் அதுதான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. நாவலுக்கு உள்ள பாதுகாப்பு நிரலுக்கும் உண்டு; எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை, எழுதியதுமே வந்துவிடும். ஆகவே மூல நிரலை இணையத்தில் ஏற்றிவிட்டு உரிமம் குறிக்காமல் விட்டவர், ஊருக்கே கொடுத்துவிட்டதாக நினைத்திருந்தாலும், மறுபகிர்வுக்கான அனுமதியைச் சட்டப்படி யாருக்கும் கொடுக்கவில்லை.

அனுமதி கிடைக்காதவரை படைப்பு பொதுவாகாது என்பது தமிழருக்குப் புதிய சங்கதி அல்ல. பாரதி மறைந்தது 1921-இல். அவர் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு வாங்கியது 1949-இல். அதன் பிறகே அவை மக்கள் சொத்தாகும் வழி திறந்தது. திறந்த மூல உரிமத்தில் வெளியிடும் நிரலாளர், பெயரும் உரிமையும் தம்மிடமே இருக்க, அந்த வழியைத் தம் வாழ்நாளிலேயே திறந்துவிடுகிறார்.

எழுத்துருவில் இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் வந்த லோகித் தமிழ் எழுத்துரு முதலில் ஜிபிஎல் எனப்படும் குனு பொது உரிமத்தில் இருந்தது. 2011-இல் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாறியது. ஜிபிஎல் மென்பொருளுக்காக எழுதப்பட்டது. அந்த உரிமத்தில் உள்ள எழுத்துருவைப் பதித்து ஒரு பிடிஎஃப் புத்தகம் செய்தால், புத்தகமும் அதே உரிமத்துக்குள் வந்துவிடுமோ என்ற கேள்வி எழும். அதற்கென்றே எழுத்துருவுக்குத் தனி விலக்கு சேர்க்கும் வழக்கம் உண்டானது. எஸ்ஐஎல் உரிமமோ, எழுத்துருவால் உருவான ஆவணத்தைத் தன் நிபந்தனை கட்டுப்படுத்தாது என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறது. எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது, வேறு மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். ஒவ்வொரு படியிலும் உரிம வாசகம் இருக்க வேண்டும். ஒதுக்கிவைத்த பெயர் இருந்தால், திருத்தியவர் வேறு பெயர் சூட்ட வேண்டும்.

அடுத்தது ஒரு சிறிய சொல் உண்டாக்கும் பெரிய இடர். “ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு” என்று மட்டும் எழுதினால் போதாது. “இரண்டாம் பதிப்பு மட்டும்” என்றால், 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பின் நிரலோடு அதைக் கலந்து ஒரே மென்பொருளாக வழங்க முடியாது. “அல்லது அதற்குப் பிந்தையது” என்றால் முடியும். லினக்ஸ் கருவகம் முதல் வகை.

பென்டிரைவில் போட்டுக் கொடுப்பவருக்கும் கடமை உண்டு. இரண்டாம் பதிப்பின்படி, நிறுவத் தயாரான கோப்பைக் கொடுப்பவர் மூல நிரலையும் சேர்த்துக் கொடுக்கலாம். இல்லையென்றால், கேட்பவர் எவருக்கும் படியெடுக்கும் செலவுக்கு மிகாத கட்டணத்தில் அதைத் தருவதாக, குறைந்தது மூன்று ஆண்டு செல்லும் எழுத்துறுதி தரலாம். கட்டணம் வாங்குவதை ஜிபிஎல் தடுக்கவில்லை. மூலத்தை மறைப்பதைத்தான் தடுக்கிறது.

இவ்வளவையும் அன்றாட ஒழுங்காக்கிக் காட்டியது டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல். அதன் ஒவ்வொரு மென்பொருள் பொதியிலும் ‘காப்பிரைட்’ என்ற கோப்பு இருக்கும்; எது யாருடையது, எந்த உரிமத்தில் வருகிறது என்று அது சொல்லும். “வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது” என்ற நிபந்தனை இருந்தால் அந்தப் பொதிக்கு முதன்மைத் தொகுப்பில் இடமில்லை. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்த டெபியன் வழி வந்ததே. நல்லெண்ணத்தோடு “கல்விக்கு மட்டும்” என்று எழுதிவிடும் தமிழ்ப் படைப்பாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த இரண்டு சொற்கள் அவர்கள் உழைப்பைப் பல வழங்கல்களின் வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஆகவே அவையினருக்குத் தலைமையின் வேண்டுகோள் ஒன்றே. மாலை ரயிலைப் பிடிக்குமுன், அவரவர் பென்டிரைவிலுள்ள ஒரு தமிழ்ப் பொதியையாவது திறந்து, கோப்பு கோப்பாகப் பார்த்து, அதன் உரிமக் குறிப்பை எழுதி முடியுங்கள். உரிமம் இல்லாத கோப்பு கண்ணில் பட்டால், எழுதியவருக்கு இன்றே கடிதம் போடுங்கள். முதல் அமர்வு அந்த வேலையோடு தொடங்குகிறது.