பழுது ‘பார்க்க’ முடிகிற கார்

(பட்டிமன்றத் தலைப்பு: கார் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சொகுசா? சுலபமாகப் பழுது பார்க்கும் வசதியா?)

   

எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அம்மா சொன்னார்கள், “கார்லே ஏறி உட்கார்ந்தா சொர்க்கம் மாதிரி இருக்கணும்” என்று. ரொம்ப சரி அம்மா. ஆனா சொர்க்கத்துக்குப் போற வழியிலே பாதியிலே நின்னுட்டா அதுக்குப் பேரு திரிசங்கு! (சிரிப்பு, கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். தமிழன் ‘பழுது பார்த்தல்’ என்றான். ‘பார்த்தல்’ என்று ஏன் வைத்தான்? முதலில் பழுது கண்ணுக்குத் தெரியணும் ஐயா! பானெட்டைத் தூக்கினா உள்ளே முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. எதைப் பார்ப்பது? எங்கே கை விடுவது?

1958 முதல் 2014 வரை, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவிலே அம்பாசடர் தயாரானது. இன்ஜின் நீளவாக்கிலே இருக்கும். ரெண்டு பக்கமும் கை நுழைய இடம் இருக்கும். பிளாட்டினத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கார்ப்பரேட்டரை ஊதிவிட்டு ஓட்டிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! இன்றைய காரிலே இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கு. கூடவே கியர்பாக்ஸ், ஏ.சி., வயர் கூட்டம். கல்யாண வீட்டு ஸ்டோர் ரூம் மாதிரி!

“அப்போ பழைய காரா வாங்கச் சொல்றீங்க?” என்று எதிரணி கேட்கும். இல்லவே இல்லை. அம்பாசடரிலே புகை அதிகம், ஏர்பேக் கிடையாது. புதுக் காரையே வாங்குங்கள். ஆனா வாங்குறதுக்கு முன்னாலே ஷோரூமிலே என்ன கேட்கிறோம்? “எத்தனை ஸ்பீக்கர்? சன்ரூஃப் உண்டா?” “ஹெட்லைட் பல்பு போனா எப்படிங்க மாத்துறது?” என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? பல்பு மாற்ற முன் பம்பரையே கழற்ற வேண்டிய கார்கள் இருக்கின்றன, நடுவர் அவர்களே! மூக்குக் கண்ணாடி மாட்டுறதுக்குத் தலையைக் கழற்றுற மாதிரி! (சிரிப்பு)

என் மாணவர் ஒருவர், இன்றைக்கு அவரே ஆசிரியர், மனைவி, கைக்குழந்தையோடு வால்பாறையிலிருந்து இறங்குகிறார். 40 கொண்டை ஊசி வளைவு. நல்ல மழை, பொழுது சாயுது. வைப்பர் நின்னுபோச்சு. கண்ணாடியிலே ஒண்ணும் தெரியலை. செல்போனிலே சிக்னல் இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டு அவர் முருகனைக் கூப்பிடுகிறார். அந்தப் பொண்ணு காரோடு வந்த புத்தகத்தைக் கையிலே எடுத்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன மூடி, நகத்தாலேயே திறக்கலாம். உள்ளே வரிசையாக ஃபியூஸ், மூடியிலேயே படம். வைப்பர் ஃபியூஸ் 15 ஆம்பியர், நீல நிறம். உருவிப் பார்த்தால் உள்கம்பி அறுந்திருக்கு.

“ஏங்க, ரேடியோவுக்கும் இதே 15தாங்க போட்டிருக்கு!”

அதை உருவி இதிலே செருகியாச்சு. பாட்டு நின்னது, வைப்பர் ஓடுச்சு! (பலத்த கைதட்டல்)

கைதட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். அந்தப் பொண்ணு அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட்டது. சிகரெட் அட்டை ஜிகினாவைச் சுற்றிச் செருகுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். வயரே எரிந்து போகும். அதுபோல பிரேக், ஏர்பேக், மின்சாரக் காரிலே ஓடுகிற ஆரஞ்சு நிற வயர், இந்த மூன்றிலேயும் நாம் கை வைக்கக் கூடாது. அது தொழில் தெரிந்தவர் வேலை.

இன்னொன்று, உதிரிப் பாகம். 25 லட்சத்துக்கு மேலே விற்ற மாருதி 800, 2014இல் நின்றது. அது ஓடின காலத்திலே அதுக்குச் சாமான் கிடைக்காத ஊர் உண்டா? ஊரே ஓட்டுகிற காருக்கு ஊரெல்லாம் சாமான் இருக்கும். அபூர்வமான காரை வாங்கினவர் ஒரு கண்ணாடிக்கு மாசக்கணக்கிலே காத்துக் கிடக்கணும். சாமானை வெளிக்கடைக்கு, வெளி மெக்கானிக்குக்குத் தராமல் தடுத்தார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிலே 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், அது வேறு கதை. நான் கேட்பது இவ்வளவுதான்: காசு கொடுத்து வாங்கினவன் நான். என் காரை என் தெரு மெக்கானிக் தொடக்கூடாது என்றால், அது யார் வீட்டுக் கார்?

ஆகவே தாய்மார்களே, அடுத்த தடவை ஷோரூமுக்கு நீங்களும் போங்கள். அவர் டச் ஸ்கிரீனைத் தடவிக்கொண்டிருக்கட்டும். நீங்க பானெட்டைத் திறக்கச் சொல்லுங்க. பேட்டரி எங்கே, ஆயில் பார்க்கிற கம்பி எங்கே, ஏர் ஃபில்டரைக் கையாலே கழற்ற முடியுமா, ஃபியூஸ் பெட்டி எங்கே என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்க. டிக்கியையும் திறங்க. தகுந்த டயரும் பஞ்சர் ஒட்டுகிற சாமானும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020இலேயே விதியைத் தளர்த்திவிட்டார்கள். பக்கவாட்டிலே கிழிந்த டயரை அந்தப் பசை ஒட்டாதுங்க!

நடுவர் மணி அடித்துவிட்டார். ஐயா, போன மாசம்தான் நீங்க புதுக் கார் வாங்கினீங்க. தீர்ப்புச் சொல்றதுக்கு முன்னாலே டிரைவரைக் கூப்பிட்டு, டிக்கியிலே ஸ்டெப்னி இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. (சிரிப்பு)