குப்பம்மாவை நம்ம குழுவில் சேர்ப்போமா?
(காட்டூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



இன்னைக்கு நாம ஒரு சினிமாவைப் பத்திப் பேசப்போறோம். கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்தவங்க கொஞ்ச நேரம் மூடி வைங்க. படத்தின் பெயர் ‘பசி’. 1979 டிசம்பரில் வந்தது. துரை இயக்கிய படம். நம்மில் வயதானவங்க கொட்டகையிலும், மத்தவங்க டிவியிலும் பார்த்திருக்கலாம்.

அதில் ஷோபா நடித்த குப்பம்மா, சென்னைச் சேரியில் குப்பை பொறுக்கும் பெண். தகப்பன் முனியாண்டி சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறார். டெல்லி கணேஷ் நடித்தார். வீடு நிறைய பிள்ளைகள். ஒரு லாரி டிரைவர் ஆசை காட்டி குப்பம்மாவை ஏமாற்றுகிறான். அவன் ஏற்கெனவே கல்யாணமானவன். அவள் பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். கதை இவ்வளவுதான்.

அதுக்கு முன்னாடி ஏழைகளைக் காட்டின படம் இல்லையா? இருந்தது. 1971-ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ரிக்‌ஷாக்காரன்’ வந்தது. அவருக்கு தேசிய விருதும் கிடைத்தது. அந்த ரிக்‌ஷாக்காரர் பத்துப் பேரை அடிப்பார், பாடுவார். பார்க்க சந்தோஷமா இருக்கும், நாங்க குறை சொல்லல. ஆனா ராத்திரி அடுப்பில் என்ன வெந்தது என்று அந்தப் படத்தில் தெரியாது. முனியாண்டி வீட்டில் அதுதான் முதல் கேள்வி.

ஷோபா கேரளக் குடும்பத்துப் பெண். அப்போது வயது 17. முகத்தில் பூச்சு இல்லாமல், சென்னைச் சேரிப் பேச்சை அப்படியே பேசி நடித்தார். அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்குத்தான். 1980 மே 1-ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். பாவம், சின்ன வயசு.

படத்தில் நமக்குப் பிடித்தது, குப்பை பொறுக்குவதை ஒரு வேலையாகக் காட்டியது. விடிய எழுந்து கோணியைத் தோளில் போட்டுப் போறாங்க. இரும்பு, பாட்டில், பேப்பர் என்று பிரிக்கிறது லேசுப்பட்ட வேலையா? காயலான் கடைக்காரர் போடும் எடைதான் எடை, சொல்லும் விலைதான் விலை. முன்பணம் வாங்கியிருந்தால் வேறு கடைக்கும் போக முடியாது. வட்டிக்கு வாங்கின நமக்கு அது தெரியாதா?

பிடிக்காததும் உண்டு. ஏமாற்றினவன் உயிரோடு இருக்கிறான், ஏமாந்தவள் சாகிறாள். நம்ம சினிமாவில் இது பழைய வழக்கம். கெட்டுப்போனவள் என்று பேர் வந்துவிட்டால் அவளைக் கடைசி ரீலில் சாகடிச்சிடுவாங்க. குப்பம்மா பிள்ளையோடு பிழைத்து மறுபடி கோணி எடுத்திருந்தால் என்ன? அப்படி எத்தனை பேர் இருக்காங்க, ஊருக்கு ஊர் பாக்கறோமே.

இன்னொண்ணு. அந்தச் சேரியில் பெண்களுக்குச் சங்கம் கிடையாது, சேமிப்பு கிடையாது. டைரக்டர் மேல் தப்பில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு தர்மபுரி மாவட்டத்தில் 1989-ல்தான் தொடங்கியது. குப்பம்மா பத்து வருஷம் முந்திப் பிறந்துட்டா.

இப்போ பிறந்திருந்தால்? 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள், குப்பை பொறுக்குவோரை அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்ளச் சொல்லின. அரசும் 2020-ல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. ஆனா நம்ம குழுவில் அவளுக்கு இடம் உண்டா? வாராவாரம் ஒரே தொகை கட்டணும் என்கிறோம். மழை பெய்தால் காகிதம் நனைந்துவிடும், அந்த வாரம் அவளுக்குக் காசு இல்லை. நிரந்தர முகவரி கேட்கிறோம். பக்கத்தில் உட்கார நாலு பேர் முகம் சுளிப்பாங்க, அதையும் மறைக்க வேண்டாம்.

அதனால் கூட்டமைப்பில் இதை வைக்கிறோம்: அன்றாடக் கூலிப் பெண்களுக்கு, முடிந்த நாளில் முடிந்ததைக் கட்டும் தினச் சேமிப்பு, மழை மாதங்களில் அபராதம் இல்லை. ஒவ்வொரு குழுவும் பேசி, ஆகும் ஆகாது என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாங்க.