நான்கு நாளில் ஒரு தீவு

பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை தயாரிக்கும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. ஒரு கட்டமும் வெறுமையாக இருத்தல் கூடாது என்பது அவ்வேலையின் முதல் விதி. ஓய்வு பெற்ற பின்னர் அதே விதியை வைத்துக்கொண்டு ஓர் இன்பப் பயணத்திற்கும் திட்டம் வகுத்தேன். அத்திட்டம் எங்ஙனம் தவறிற்று, அதனால் நான் கற்றுக்கொண்ட பாடம் யாது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் மகள் ஜெர்மனியில் பணிபுரிகிறாள். நானும் என் மனைவியும் ஓர் அக்டோபர் மாதம் அவளுடன் சென்று தங்கியிருந்தோம். நாள்தோறும் காலையில் கிழக்கு நோக்கிக் கதிரவனைக் கும்பிட்டுவிட்டே அடுப்படிக்குச் செல்லும் வழக்கமுடையவள் என் மனைவி. அங்கோ, பத்து நாளாக வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. "எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்றே தெரியவில்லை" என்று அவள் ஒரு நாள் சொன்னாள். அதைக் கேட்ட மகள், "அப்பா, நீங்களும் அம்மாவும் மால்டாவுக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வாருங்கள். இங்குள்ளவர்கள் வெயிலைத் தேடிக்கொண்டு அப்படித்தான் போகிறார்கள்" என்றாள்.

வெயிலைத் தேடிக்கொண்டு போவதா! வெயிலுக்கு ஒதுங்க நிழல் தேடும் நாட்டிலே பிறந்த நமக்கு அது வேடிக்கையாகவே தோன்றும். ஆயினும் வடக்கே வாழும் மக்களுக்கு வெயில் கிடைத்தற்கரிய பொருள். அதை நாடித்தான் அவர்கள் ஆண்டுதோறும் மத்தியதரைக் கடலின் தீவுகளுக்குத் திரள் திரளாகச் செல்கிறார்கள்.

அன்றிரவே ஒரு பழைய வழிகாட்டி நூலையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு நாளில் இருபத்திரண்டு இடங்கள்! மணி அடித்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டங்களை நிரப்பினேன். எனக்கு ஒரே பெருமை.

திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. எண்ணித் தொடங்குதல், ஆற்றலை அளத்தல், பருவம் பார்த்தல், இடம் உணர்தல் ஆகிய இந்நான்கும் அரசனுக்கு உரைத்தவை. ஆனால் நான்கு நாள் பயணம் புறப்படும் எளிய குடும்பத்தானுக்கும் அவை முற்றும் பொருந்தும். இவற்றைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்திய நான், என் திட்டத்தில் இவற்றுள் ஒன்றை மட்டுமே கருதினேன். அது காலம்.

காலத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். மத்தியதரைக் கடற்பகுதியில் கோடை வறண்டும், குளிர்காலம் மழையுடனும் இருக்கும். கோடையில் வெப்பமண்டலத்தை அடுத்த உயர் அழுத்தப் பட்டை வடக்கே நகர்ந்து வந்து இக்கடலின்மேல் கவிகிறது. அங்கே காற்று மேலிருந்து கீழிறங்குவதால் மேகம் திரள்வதில்லை; வானம் நிர்மலமாக இருக்கிறது. குளிர்காலத்தில் அப்பட்டை தெற்கே விலக, மேலைக்காற்றுகள் உட்புகுந்து மழையைக் கொணர்கின்றன. மால்டா ஏறத்தாழ 36 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஐரோப்பிய நாடேயாயினும், ஆப்பிரிக்கக் கரையிலுள்ள துனிஸ் நகரைக் காட்டிலும் தெற்கே அமைந்தது. ஆண்டொன்றுக்குச் சுமார் 3,000 மணி நேரம் அங்கே வெயில் காய்கிறது.

ஆயின் எந்த மாதம் செல்லலாம்? ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயிலும் மிகுதி, கூட்டமும் மிகுதி. நடந்து திரிந்து பார்க்க ஏப்ரல், மே மாதங்கள் ஏற்றவை. ஆனால் அப்போது கடல்நீர் இன்னும் குளிர்ந்தே இருக்கும். நிலம் விரைவில் சூடேறி விரைவில் ஆறுவது; கடலோ மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவது. அதனால்தான் கோடை கழிந்த பின்னரும் அக்டோபரில் அங்கே கடல் இதமான வெப்பத்துடன் இருக்கிறது. பூகோளப் பாடத்தில் நீங்கள் படிக்கும் இவ்வுண்மை, பயணச் சீட்டு வாங்கும்போது பயன்படுவதைப் பாருங்கள். அக்டோபரில் மழையும் தொடங்கிவிடும் என்பதை அறிந்து குடையும் எடுத்துச் சென்றேன்.

அரசாங்க நடைமுறைகளையும் ஒழுங்காகவே விசாரித்தேன். மால்டா 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007-இல் ஷெங்கன் நாடுகளுள் ஒன்றாயிற்று. 2008 முதல் யூரோ நாணயம் வழங்குகிறது. ஆகவே ஜெர்மனிக்குப் பெற்ற விசாவே எங்களுக்குப் போதுமானதாயிற்று. இங்கிலாந்திலிருந்து செல்லும் இந்தியருக்கோ ஷெங்கன் விசா தனியாக வேண்டும். ஆங்கிலேயர் நெடுங்காலம் ஆண்ட தீவாகையால் ஆங்கிலமும் அங்கே ஆட்சிமொழி. வண்டிகள் நம் ஊர்போல் சாலையின் இடப்பக்கமே செல்லும்.

இனி, நான் தவறிய இடங்களுக்கு வருகிறேன்.

முதல் தவறு இடத்தைப் பற்றியது. மால்டா சிசிலிக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில் உள்ளது. மால்டா, கோசோ, கொமினோ என்னும் மூன்று முக்கியத் தீவுகளும் சேர்ந்து 316 சதுர கிலோமீட்டர்தான். பெரிய தீவின் நீளமே சுமார் 27 கிலோமீட்டர். 'இவ்வளவு சிறிய தீவை ஒரே மூச்சில் சுற்றிவிடலாமே' என்று படத்தில் அளவுகோலை வைத்துக் கணக்கிட்டேன். படம் தூரத்தைக் காட்டுமேயன்றி நெரிசலைக் காட்டாது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அச்சிறு நிலத்தில் வாழ்கிறார்கள். சாலைகள் வண்டிகளால் நிரம்பியுள்ளன. தலைநகர் வல்லெட்டாவிலிருந்து வடமுனைத் துறைக்குப் பேருந்தில் ஒரு மணிக்கு மேலும் ஆகும். அங்கிருந்து கோசோவுக்குக் கப்பலில் இருபத்தைந்து நிமிடம். இறங்கியதும் மீண்டும் பேருந்து. கோசோ தனியே ஒரு நாளை விழுங்கும் என்பதை அறியாமல், அதனோடு வேறு மூன்று ஊர்களையும் ஒரே நாளில் சேர்த்திருந்தேன்.

என் வழிகாட்டி நூலோ இன்னும் பெரிய பாடம் கற்பித்தது. கோசோவின் கடற்கரையில் பாறையே வளைந்து பெரியதொரு சாளரம்போல் நிற்பதாக அதில் அழகான படம் இருந்தது. நீலச் சாளரம் என்று அதற்குப் பெயர். 2017 மார்ச்சு 8-ஆம் நாள் புயற்காற்றில் அது இடிந்து கடலில் வீழ்ந்துவிட்டது என்று விடுதிக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். எந்த நூலைத் திறந்தாலும் அச்சிட்ட ஆண்டை முதலில் பாருங்கள் என்று மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

இரண்டாவது தவறு என் நெஞ்சை உறுத்தியது. மால்டாவில் ஹைப்போஜியம் என்னும் பாதாளக் கல்லறை ஒன்று உண்டு. 1902-இல் நீர்த்தொட்டி வெட்டிய தொழிலாளர்கள் தற்செயலாக அதன் கூரையைத் துளைத்துவிட்டார்கள். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், உலோகக் கருவியே அறியாத மக்கள் பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக அமைத்தது அது. சுமார் ஏழாயிரம் பேரின் எலும்புகள் அங்கே இருந்தன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இதைக் காண்பதே என் பயணத்தின் தலையாய ஆசை. குறித்த நேரத்தில் வாயிலில் போய் நின்றேன். "முன்பதிவு உண்டா?" என்றார் காவலர். இல்லை என்றேன். நாள் ஒன்றுக்கு எண்பது பேருக்குத்தான் அனுமதி; இடங்கள் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும் என்று பணிவாகச் சொன்னார்.

முதலில் எனக்குச் சினம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தவனைத் திருப்பி அனுப்புவதா? காரணத்தைக் கேட்டபோது சினம் நாணமாக மாறிற்று. நாம் விடும் மூச்சில் ஈரமும் கரியமிலவாயுவும் உள்ளன அல்லவா? அடைபட்ட அந்தப் பாதாளத்தில் அவை சேர்ந்து, சுண்ணாம்புக் கல்லையும் அதன்மேல் செங்காவியால் தீட்டிய ஓவியங்களையும் அரித்துவிடும். நெடுநாள் இருளில் அழியாதிருந்தது, பார்க்க வந்தவர்களின் மூச்சினால் அழியத் தொடங்கிற்று. அதனால்தான் அந்த எல்லை. 'என்னால் என்ன கேடு வந்துவிடும்?' என்று எண்ணுபவன் ஒருவனல்லன். ஆயிரம் பேர் அப்படி எண்ணுவதுதான் கேடு.

அன்று முதல் அத்தீவில் எங்கும் இந்த அளவுக் கணக்கே என் கண்ணுக்குப் பட்டது. வல்லெட்டாவிலுள்ள புனித யோவான் பேராலயத்தின் தளம் முழுதும் வீரத்துறவிகளின் கல்லறைகள். வண்ணப் பளிங்குக் கற்கள். கூர்மையான குதிகால் செருப்புடன் அதில் நடக்க விடமாட்டார்கள். தீவில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. குடிநீரில் பாதிக்கு மேல் கடல்நீரை நன்னீராக்கிப் பெறுவது. 1566-இல் வல்லெட்டா நகரைக் கட்டத் தொடங்கியபோதே, ஒவ்வொரு வீட்டாரும் மழைநீர்த் தொட்டி வெட்ட வேண்டும் என்று விதித்திருந்தார்கள். அத்தகைய தீவுக்கு 2024-ஆம் ஆண்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். விடுதியில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பவன் யாருடைய நீரைச் செலவிடுகிறான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

மூன்றாவது தவறு, உடன் வருபவரின் வலிமையை அறியாதது. இரண்டாம் நாள் முற்பகல். வல்லெட்டாவில் கோட்டைமேல் ஒரு பூங்கா இருக்கிறது. அதன் கீழே பெரிய துறைமுகம் விரிந்து கிடக்கிறது. படிகள் பல ஏறி வந்த என் மனைவி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லிருக்கையில் உட்கார்ந்தாள். "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எனக்கு இந்த வெயிலே போதும்" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அட்டவணைப்படி ஏழு நிமிடம் தாமதம். அவளை விட்டுவிட்டுப் பேராலயத்துக்கு விரைந்தேன். அங்கே கரவாஜோ என்னும் இத்தாலிய ஓவியர் 1608-இல் தீட்டிய மாபெரும் ஓவியம் உள்ளது. அதன்முன் நான் நின்றது எத்தனை நேரம் தெரியுமா? நான்கு நிமிடம். அடுத்த கட்டம் காத்திருந்தது!

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். என் மனைவியின் அருகே அவ்வூர் மூதாட்டி ஒருவர் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் என் மனைவி வானத்தைச் சுட்டி "ஷெம்ஷ்" என்றாள். கடலைச் சுட்டி "பஹர்" என்றாள். மால்ட்டிய மொழியில் சூரியனுக்கும் கடலுக்கும் அவை பெயர்கள். அம்மொழி அரபு மொழியிலிருந்து கிளைத்து, இன்று ரோம எழுத்தில் எழுதப்படுவது. நம்மிடையே ஷம்சுத்தீன் என்று பெயர் வைக்கிறார்களே, அதில் வரும் ஷம்ஸ் என்னும் சொல்லே அங்கே ஷெம்ஷ் ஆயிற்று. கத்தோலிக்கர்களான அம்மக்கள் கடவுளை அல்லா என்றே அழைக்கிறார்கள் என்பதையும் அந்த மூதாட்டியே சொன்னார்.

மொழி ஆசிரியனாகிய நான் ஒன்பது இடங்களைப் பார்த்து முடித்திருந்தேன். ஒரு மனிதரிடமும் பேசவில்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத என் மனைவி, அத்தீவின் மொழியில் இரண்டு சொற்களைக் கற்றிருந்தாள். யாருக்கு வெயில் வேண்டும் என்று இப்பயணம் தொடங்கியதோ, அவளுக்கு என் அட்டவணையில் ஒரு கட்டங்கூட நான் ஒதுக்கவில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிரவு திட்டத்தை எடுத்துப் பதின்மூன்று இடங்களில் பதினொன்றை அடித்தேன். மூன்றாம் நாள் கோசோவுக்கு மட்டும் சென்றோம். எகிப்தின் பிரமிடுகளுக்கும் முற்பட்ட ஜிகந்தியா என்னும் கற்கோவிலை நின்று நிதானமாகப் பார்த்தோம். அரக்கர்கள் கட்டியது என்று அவ்வூரார் முற்காலத்தில் நம்பிய அப்பெருங்கற்களின் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். நான்காம் நாள் விடியலில் கடற்கரைக்குப் போனோம். வேறு வேலை ஒன்றும் இல்லை. கதிரவன் கடலிலிருந்து எழுந்தான். என் மனைவி கைகுவித்துக் கும்பிட்டாள். நான் கடிகாரம் பார்க்கவில்லை.

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் மேற்படிப்புக்கோ பணிக்கோ அயல்நாடு செல்லக்கூடும். இரண்டொரு நாள் விடுமுறை கிடைக்கும்போது எங்கேனும் போய்வர விரும்புவீர்கள். திட்டமின்றிப் போகாதீர்கள். பருவத்தை ஆராயுங்கள்; தூரத்தைக் கிலோமீட்டரில் அளவாதீர்கள், நேரத்தில் அளவுங்கள்; முன்பதிவு வேண்டிய இடம் எது என்பதை முதலில் கேட்டறியுங்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். உடன் வருபவர் எதை விரும்பி வருகிறார் என்று கேட்டு, அதை முதற்கட்டத்தில் எழுதுங்கள். நமக்கு முன்னும் பின்னும் பலர் வரும் வீடு அது என்பதை நினைந்து, மூச்சையும் நீரையும்கூட அளந்து செலவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டவணையில் சில கட்டங்களை வெறுமையாக விட்டுவையுங்கள்.

ஹைப்போஜியத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த முறை சென்றால் முதலில் பதிவு செய்வேன். கிடைக்காவிட்டாலும் குறையில்லை. அந்தக் கல்லிருக்கை அங்கேயே இருக்கும்.