டிராக்டர் பெட்டியின் முதுகு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில்நுட்பம் பற்றி ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். கணினி, செயற்கை நுண்ணறிவு என்று பேச என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். நான் ஒசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பிரேக் பிரிவில் வேலை பார்க்கிறவன். ஆகவே நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழி ரோட்டில் தினமும் போகிற ஒரு வண்டியைப் பற்றிப் பேசுகிறேன். டிராக்டரும், அதன் பின்னால் மாட்டிய டிரெய்லரும். நம்ம பேச்சில் சொன்னால், டிராக்டர் பெட்டி.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் டிராக்டர் இருக்கும், அல்லது சித்தப்பா, மாமா வீட்டில் இருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரி உழவு. தை பிறந்தால் குதிரைவாலி, சோளம். அப்புறம் மிளகாய் வற்றல். கோடையில் கண்மாய் வண்டல். இது எதுவும் இல்லாத நாளில் இருக்கவே இருக்கிறது சீமைக்கருவேல் விறகும் கரி மூட்டையும். உழவு வருஷத்தில் சில வாரம்தான். மற்ற நாளெல்லாம் அது ரோட்டில் ஓடுகிற வண்டி. ஆனால் நாம் மனசுக்குள் அதை இன்னும் ஏர் மாடு மாதிரியே வைத்திருக்கிறோம்.

சட்டம் அப்படி வைத்திருக்கவில்லை. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி டிராக்டர் ஒரு வண்டி, பெட்டி இன்னொரு வண்டி. பெட்டிக்குத் தனிப் பதிவு உண்டு, தனி எண் உண்டு. அந்த எண் பெட்டியின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். முதுகில் இழுத்துப் போகிற டிராக்டரின் எண் இருக்க வேண்டும். நம்ம பக்கம் பெட்டியின் முதுகில் குலசாமி பேர் இருக்கும், பிள்ளைகள் பேர் இருக்கும், எண் மட்டும் இருக்காது! சொந்தக் காட்டு விளைச்சலை ஏற்றும்வரை அது விவசாய வண்டி. வாடகைக்கு விறகோ செங்கலோ ஏற்றினால் சரக்கு வண்டி. வரியும் பர்மிட்டும் இன்சூரன்சும் அந்தக் கணக்குக்கு மாறிவிடும். லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் கவலை வேண்டாம். டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் உள்ளவர், பெட்டி மாட்டியதாலேயே லைசென்ஸ் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று 2001லேயே நாகஷெட்டி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது அந்த முதுகுக்கு வருகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, பெட்டியின் பின்னால் இரண்டு ஓரத்திலும் சிவப்பு ரிப்ளெக்டர் கேட்கிறது. பொழுது சாய்ந்த அரைமணி நேரத்திலிருந்து சிவப்பு விளக்கும் கேட்கிறது. அந்த விளக்கு 155 மீட்டர் தூரத்தில் தெரிய வேண்டும். "ரெண்டு கிலோமீட்டர் போறதுக்கு எதுக்குடா லைட்டு?" என்று கேட்கிற பெரியவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன்.

ஒரு பையன் பைக்கில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறான். நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். எதிரே ஏதோ நிற்கிறது என்று கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி. அதற்குள் 25 மீட்டர் போய்விடுகிறான். பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 28 மீட்டர். ஆக 53 மீட்டர். எதிரே வண்டி வந்தால் அவன் லைட்டை டிம் பண்ணியிருப்பான். அந்த வெளிச்சத்தில் கருவேல் விறகு ஏற்றிய, பெயிண்ட் போன ஒரு பெட்டி எவ்வளவு தூரத்தில் தெரியும்? நல்ல கண் உள்ளவனுக்கே சுமார் 40 மீட்டர். மீதி 13 மீட்டருக்கு அவன் எங்கே போவான்? விளக்கு 155 மீட்டரில் தெரிந்திருந்தால் அவனுக்கு ஒன்பது நொடி கிடைத்திருக்கும்.

இது கரும்பலகைக் கணக்கு மட்டும் இல்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வந்தவன், டயர் பஞ்சராகி ரோட்டோரம் நின்ற விறகுப் பெட்டியில் மோதினான். பெட்டிக்காரர் ஜாக்கி வாங்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். போகும்போது நம்ம வழக்கப்படி பின்னால் இரண்டு கல்லும் ஒரு வேப்பங்கொப்பும் போட்டுவிட்டுத்தான் போனார். பகலில் சரி, இருட்டில் கொப்பு யார் கண்ணுக்குத் தெரியும்? பையன் பிழைக்கவில்லை. பெட்டிக்காரரும் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்தான். இரண்டு குடும்பமும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

என் தொழில் பிரேக் என்பதால் அதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டிராக்டர் எடை ஏறக்குறைய 2 டன். நாலு சக்கரப் பெட்டி, சுமையோடு 5 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு வேலை செய்கிற பிரேக் இல்லையென்றால் இந்த 7 டன்னையும் நிறுத்த வேண்டியவை டிராக்டரின் பின்சக்கரம் இரண்டு மட்டுமே. 25 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் டிராக்டர் பிரேக் பிடித்து 6 மீட்டரில் நிற்கும் என்றால், பெட்டியோடு 20 மீட்டர் ஆகும். 35இல் போனால் 40 மீட்டர். அதிலும் கண்மாய்க்கரை இறக்கத்தில் பெட்டி டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். கொஞ்சம் வளைத்தால் போச்சு, பெட்டி ஒரு பக்கம் டிராக்டர் ஒரு பக்கம். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை என்ன சொல்லித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. டிராக்டரில் வலது, இடது என்று பிரேக் மிதி இரண்டு உண்டு. வரப்போரத்தில் சட்டென்று திரும்ப ஒற்றை மிதி உதவும். தார் ரோட்டில் ஏறும்முன் இரண்டையும் பூட்டுகிற கொண்டியைப் போட வேண்டும். போடாமல் வேகத்தில் ஒரு மிதியை மட்டும் அமுக்கினால் வண்டி சுழன்று கவிழும். இந்தக் கொண்டி துருப்பிடித்துக் கிடக்கும் டிராக்டர்தான் நம்ம பக்கம் அதிகம்.

கருவிகள் விஷயம் சுருக்கம்தான். ஒன்பது கலப்பை, ரோட்டவேட்டர் தூக்கிக்கொண்டு போகும்போது சுழல்தண்டு ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும், பக்கச் சங்கிலியை இறுக்க வேண்டும். கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறக் கூடாது. சாலையில் ஓடுவது காற்றடைத்த டயராக இருக்க வேண்டும். மழை நாளில் டயரில் ஒட்டிய கரிசல் மண்ணை ரோட்டில் ஏறும்முன் ஒரு மண்வெட்டியால் தட்டிவிட்டால் பின்னால் வருகிற பைக்காரன் வாழ்த்துவான்.

அதைவிடப் பெரிய விஷயம், பெட்டியில் ஆள் ஏற்றுவது. களையெடுக்க, பழம் பறிக்க, இருக்கன்குடிக்குச் சாமி கும்பிட, எல்லாவற்றுக்கும் பெட்டிதான். 2022 அக்டோபர் 1ஆம் தேதி உத்தரப்பிரதேசம் காட்டம்பூர் பக்கத்தில் கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் பெட்டி குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குளத்தங்கரை ரோடு நமக்குப் புதிதா? கண்மாய்க்கரை மேலேயே எத்தனை ஊர்ப்பாதை போகிறது!

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். 2007இல் பிரிஜ் மோகன் என்ற தொழிலாளியின் வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. டிராக்டருக்கு இன்சூரன்ஸ் உண்டு, பெட்டிக்கு இல்லை. மண் வேலைக்குப் பெட்டியில் போனவர் அடிபட்டார். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. அந்த ஏழைத் தொழிலாளியை முன்னிட்டுத் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. வண்டிக்காரர் என்றால் யார்? நாலு ஏக்கர் மானாவாரிக்காரர். நிலத்தை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

பஸ் வராத ஊரில் கூலி ஆட்களை வேறு எப்படிக் கூட்டிப்போவது என்று என் மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். நாலு காட்டுக்காரர்கள் சேர்ந்து ஆள் ஏற்ற அனுமதியுள்ள வேன் ஒன்றை அறுப்பு முடியும்வரை பேசிக்கொள்ளலாம். செலவுதான். ஆனாலும் நிலம் போகாது.

அமெரிக்காவில் சில வண்டிகளின் பின்னால் சிவப்பு விளிம்பு போட்ட ஆரஞ்சு முக்கோணம் ஒன்றைப் பார்க்கலாம். 'மெதுவாகப் போகும் வண்டி' என்று அதற்கு அர்த்தம். 1960களின் தொடக்கத்தில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கென் ஹார்க்னஸ் என்ற வேளாண் பொறியியல் பேராசிரியர் உருவாக்கியது. டிராக்டர் விபத்துகளை ஆராய்ந்தவர், பெரும்பாலும் பின்னாலிருந்துதான் மோதுகிறார்கள் என்று கண்டார். பகலில் ஆரஞ்சு பளிச்சென்று தெரியும், இரவில் விளிம்பு மின்னும். ஒரு கல்லூரியிலிருந்து புறப்பட்ட ஒரு தகட்டுத் துண்டு, அவ்வளவுதான்.

தம்பிகளே, நம்ம பெட்டியில் விளக்கு ஏன் நிலைப்பதில்லை தெரியுமா? கருவேல முள் ஒயரை இழுத்துவிடும், பின்கதவைத் திறந்து போட்டால் விளக்கு நசுங்கிவிடும். ஆகவே பெட்டியில் நிரந்தரமாக மாட்டாதீர்கள். ஒரு பலகையில் இரண்டு விளக்கு, இரண்டு ரிப்ளெக்டர், டிராக்டரின் எண், நீள ஒயர், முனையில் பிளக். சுமை ஏற்றிய பிறகு கொக்கியில் தொங்கவிட வேண்டும், இறக்கும்முன் கழற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் இப்படிப்பட்ட பலகைகள் சாதாரணப் புழக்கத்தில் உள்ளன. நம் கல்லூரிப் பட்டறையில் இரண்டு மதியத்தில் ஒன்று செய்துவிடலாம்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் இந்த வருஷம் திருச்சுழிப் பக்கம் என்று கேள்விப்பட்டேன். மரக்கன்று நடுவது போக ஒரு சாயங்காலத்தை ஒதுக்குங்கள். ஊர் மந்தையில் பெட்டிகளை நிறுத்தச் சொல்லி, முதுகைத் தேய்த்துக் கழுவி, சிவப்பு ரிப்ளெக்டரும் ஒளிரும் பட்டையும் ஒட்டிவிடுங்கள். மண் இருந்தால் ஒட்டாது, அதனால் கழுவுவதுதான் முக்கியமான வேலை. முதல் ஐம்பது பெட்டிக்கு ஆகிற செலவை எங்கள் வகுப்பு நண்பர்கள் ஏற்றுக்கொள்வதாக இன்று காலை டீக்கடையிலேயே பேசி முடித்துவிட்டோம். விளக்குப் பலகைக்கு வரைபடம் நான் அனுப்பிவைக்கிறேன்.