புயற்காலத்திற்கு ஒரு பாட்டரி

(கூத்தாநல்லூரில் சுற்றுவட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் முன்னிலையில் ஆற்றிய உரை)



2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்கு, ‘உயிரோடு இருக்கிறோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லவும் பலருக்கு வழியில்லாமற் போயிற்று. தொலைபேசிக் கோபுரங்கள் மீண்டும் இயங்கிய பின்னரும் கைபேசியில் மின்சாரம் இல்லை.

ஆயினும், அந்நாட்களில் நம்மிடம் மின்சாரமே இல்லை என்று சொல்வதற்கில்லை. டிராக்டரிலும், மருந்து தெளிப்பானிலும் 12 வோல்ட் பாட்டரி இருந்தது. கைபேசிக்கு வேண்டுவது 5 வோல்ட்; இரண்டு கட்டை போடும் ரேடியோவுக்கு 3 வோல்ட். 12 வோல்ட்டை வேண்டிய அளவுக்குக் குறைத்துத் தரும் சிறு சாதனம் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். கடைக்காரர்கள் இதனைப் ‘பக் கன்வெர்ட்டர்’ என்பர். எல்.எம். 2596 என்னும் சில்லு பொருத்திய பலகை தீப்பெட்டியினும் சிறியது.

மின்னழுத்தத்தைக் குறைக்க 7805 என்னும் பாகத்தை உபயோகிப்பது பழைய வழக்கம். அதில் 1 ஆம்பியர் ஓடினால் 5 வாட் பயன்படும். 7 வாட் சூடாகி வீணாகும். வாய்க்காலில் வந்த தண்ணீரில் பாதிக்கு மேல் வடிகாலில் விடுவதற்கு இது ஒப்பாகும். பக் கன்வெர்ட்டரோ முறை வைத்துத் தண்ணீர் விடுவது போன்றது. மதகைத் திறந்து மூடுவதுபோல், விநாடிக்கு ஒன்றரை இலட்சம் தடவை மின்சாரத்தை விட்டு நிறுத்துகிறது. கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும் குளம்போல் நின்று அதனைச் சீராக்குகின்றன. நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு பயனாகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். தெளிப்பானில் உள்ள 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதியைச் செலவிட்டால் 48 வாட்-மணி. பழைய முறையில் அதில் 20 மட்டுமே கைபேசிக்குச் சேரும். பெரிய கைபேசி ஒன்றுகூட நிறையாது. புதிய முறையில் 38 சேரும். ஒன்றரைக் கைபேசிக்கு மேல் நிறையும்.

செய்முறை எளிது, ஆனால் வரிசை தவறலாகாது. முதலில் பாட்டரியின் அருகே பியூஸ் ஒன்றைப் பொருத்துக. பலகையின் ‘இன்’ பக்கத்தில் பாட்டரியை இணைக்கும்போது கூட்டல், கழித்தல் முனைகள் மாறினால் பலகை கெட்டுவிடும். ‘அவுட்’ பக்கத்தில் எதையும் இணைக்காமல், மல்டிமீட்டரை வைத்து, 5 வோல்ட் காட்டும்வரை சிறு திருகைத் திருப்புக. அதற்குப் பல சுற்றுகள் வேண்டியிருக்கலாம். அதன் பின்னரே கைபேசியை மாட்டுக. திருகைத் தொட்டால் மறுபடியும் அளக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள் அவசியம். இது நேர் மின்சாரத்திற்கு மட்டுமே உரியது. வீட்டின் 230 வோல்ட்டில் இணைப்பது உயிருக்கே ஆபத்து. 40 வோல்ட்டுக்கு மேல் இது தாங்காது. 12 வோல்ட் சூரியத் தகடு வெயிலில் 21, 22 வோல்ட் வரை காட்டும். அத்தகைய இரண்டை வரிசையாக இணைத்தால் எல்லை மீறிவிடும். 3 ஆம்பியர் என்று விற்றாலும் 2 ஆம்பியருக்குள் உபயோகிப்பது நலம். இச்சாதனம் குறைக்குமேயன்றிக் கூட்டாது. பாட்டரியை மிகவும் இறங்க விடாதீர்கள். டிராக்டர் கிளம்பவும் வேண்டுமல்லவா?

ஒவ்வொரு பஞ்சாயத்தும் பொதுக் கட்டிடத்தில் ஒரு பாட்டரி, பியூஸ், அளந்து வைத்த இரண்டு பலகைகள் ஆகியவற்றை ஐப்பசி மழைக்கு முன்பே தயாராக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தொழிற்பயிற்சி பெற்ற நம் ஊர் இளைஞரிடம் இப்பொறுப்பை ஒப்படைக்கலாம். மாதம் ஒரு முறை சோதித்தும் வரலாம். காற்றை நாம் தடுக்க இயலாது. மறுநாள் காலையில் பிள்ளைகளோடு பேச வழி செய்துகொள்ள இயலும்.