கல்பேனியில் ஒரு பகல்

(சென்ற சந்திப்பின் குடும்ப மாலையில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, நீ பேசணும். ஆனா உன் வேலையைப் பத்திப் பேசாதே, எல்லாரும் தூங்கிடுவாங்க. எங்கேயாவது ஊர் சுத்தினதைச் சொல்லு" என்றார். அதனால் லட்சத்தீவுக்குப் போய்வந்த கதையைச் சொல்கிறேன். நான் சிவில்காரன். கடலில் அலைதடுப்புச் சுவர் கட்டுவது பிழைப்பு. ஊர்க்கதைக்கு நடுவே கொஞ்சம் கான்கிரீட் வாசனை அடித்தால் அண்ணன் மன்னிக்க வேண்டும்.

2019 பிப்ரவரியில் நானும் என் மனைவியும் அப்பாவும் கொச்சியிலிருந்து எம்.வி. கவரத்தி என்ற கப்பலில் ஏறினோம். 700 பேர் போகக்கூடிய பெரிய கப்பல். நம் விசாகப்பட்டினத்தில் கட்டியது. லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவு நடத்திவந்த 'சமுத்திரம்' என்ற ஐந்து நாள் பயணம். பகலுக்கு ஒரு தீவு, ராத்திரிக்குக் கப்பல். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகள். இன்று சொல்லப்போவது கல்பேனியில் கழிந்த ஒரு பகலை மட்டும்தான்.

கப்பல் தீவுக்குப் பக்கத்தில் வராது. பவளப்பாறைக்கு வெளியே ஆழத்தில் நிற்கும். நாம் படகுக்கு இறங்க வேண்டும். அலை தூக்கும் நேரம் பார்த்து, இரண்டு பேர் கையைப் பிடித்து, "இப்போ!" என்று சொன்னதும் காலை எடுத்து வைக்க வேண்டும். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாள். 64 வயசு அப்பா, டவுன் பஸ்ஸில் இறங்குகிற மாதிரி சர்வசாதாரணமாக இறங்கினார்.

படகு கொஞ்ச தூரம் ஆட்டம் போட்டது. பிறகு வெள்ளை நுரைக்கோடு ஒன்று வந்தது. அதில் உள்ள இடைவெளி வழியாகப் படகு நுழைந்ததும், யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி ஆட்டம் நின்றுவிட்டது. கருநீலத் தண்ணீர் பச்சையாகி, பிறகு கண்ணாடியாகி, அடியில் மணல் தெரிந்தது. அந்த நுரைக்கோட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள அமைதியான நீர்ப்பரப்பைத்தான் லகூன் என்கிறார்கள். பக்கத்திலிருந்தவர்கள் "ஆகா, என்ன கலர்!" என்றார்கள். நான் அந்த நுரைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஆள் உயர அலை, உள்ளே முழங்கால் உயரம்கூட இல்லை. எங்கள் சைட்டில் இப்படி ஒரு தண்ணீரை உண்டாக்க எத்தனை வருஷம், எத்தனை கோடி!

கூமேல் என்ற வளைந்த கடற்கரையில் இறங்கினோம். எதிரே திலாக்கம், பிட்டி என்ற குட்டித் தீவுகள். இளநீர் கொடுத்தார்கள். பிறகு முகமூடி, மூச்சுக்குழாய், துடுப்புக் காலணி, மிதவைச் சட்டை எல்லாம் வந்தன.

முதல் ஐந்து நிமிஷம் கஷ்டம்தான். மூக்கை அடைத்து, வாயால் மூச்சு விடு என்றால் உடம்பு நம்ப மறுக்கிறது. அப்பா கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர். எனக்கோ அரைகுறை. அவர் முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் போய்விட்டார். நான் தத்தளித்துக்கொண்டே, 'இந்தக் குழாயை ஒரு மீட்டர் நீளமாகச் செய்தால் இன்னும் ஆழமாகப் போகலாமே' என்று யோசித்தேன். முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீரின் அழுத்தம் காற்று மண்டலத்தின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்து நெஞ்சை அமுக்கும். நுரையீரலை விரிக்க மார்புத் தசைக்குத் திணறும். அதோடு நீண்ட குழாயில், விட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும். முழங்கை நீளத்துக்கு மேல் அந்தக் குழாய் இல்லாததற்கு இதுதான் காரணம்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் தீவு இளைஞர். மலையாளம் கலந்த தமிழ். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "சாரே, பயம் வந்தா என் கையைப் பிடிக்கலாம், மிதவையைப் பிடிக்கலாம். கீழே மட்டும் கால் ஊன்றக் கூடாது."

பிறகு பார்த்தது மறக்க முடியாது. மான் கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம், மூளை மாதிரி மடிப்பு மடிப்பான பவளம், அதன் சந்துகளில் மஞ்சளும் கறுப்புமாக மீன்கள். கிளி அலகு போல வாயுள்ள கிளிமீன் பாறையைக் கடிப்பது 'கடக், கடக்' என்று காதில் கேட்டது. அது பாறையோடு சேர்த்துக் கடித்து, பாசியைத் தின்று, மிச்சத்தை வெள்ளை மணலாக வெளியேற்றுகிறது. நாங்கள் கால் புதைய நடந்து வந்த அழகான மணலில் அதன் பங்கும் உண்டு! கரைக்கு வந்து இதைச் சொன்னதும் என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டாள். அப்பா இரண்டு கையையும் விரித்து, "இவ்வளவு பெரிய மீனுடா" என்றார். முகமூடிக்குள் இருக்கும் காற்றினால் ஒளி வளைந்து, தண்ணீருக்கடியில் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பெரிய மீன்தான்.

ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. சில இடங்களில் பவளக் கிளைகள் முறிந்து, பழைய எலும்புக் குவியல் போலப் பாசி படிந்து கிடந்தன. மதியம் சோறும் சூரை மீன் குழம்பும் சாப்பிடும்போது அதைப் பற்றிக் கேட்டேன். "மூணு வருஷம் முன்னாடி வெந்து போச்சு சார்" என்றார் அந்தத் தம்பி. பிறகு, "கல்லு செத்தா கரை போகும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது பெரிய பாடம்.

பவளம் என்பது கல் அல்ல. சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பால் கட்டிக்கொண்ட வீடு. அவற்றின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கிறது, நிறமும் கொடுக்கிறது. வழக்கமான கோடையைவிட ஒரு டிகிரி சூடு சில வாரம் நீடித்தால் போதும், பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். சூடு தணியாவிட்டால் சாகும். லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது பெரிய அளவில் நடந்தது. நாங்கள் வந்த பிறகு 2024இலும் நடந்தது. அகத்தி, கட்மத், கவரத்தி தீவுகளில் 1998 முதல் 2022 வரை கணக்கெடுத்த ஆய்வாளர்கள், உயிருள்ள பவளப் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது என்கிறார்கள்.

இதில் கரை எப்படிப் போகும்? ஒரு மலை உச்சி கடலில் மெல்ல அமிழ, சுற்றி வளர்ந்த பவளம் மட்டும் மேலே மேலே கட்டிக்கொண்டே வந்ததுதான் இத்தகைய தீவு என்று 1842இலேயே டார்வின் எழுதினார். பாறைக்கு வெளியே கால் வைத்தால் பாதாளம். கவரத்தியில் கரையிலிருந்து சில நூறு மீட்டரிலேயே ஆழம் சுமார் 350 மீட்டர். அந்த ஆழத்துக் குளிர்ந்த நீரை உறிஞ்சித்தான் நம் சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் அங்கே தினம் ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தது. தீவோ கடலுக்கு மேல் ஓரிரு மீட்டர்தான் நிற்கிறது. நடுவே மறைப்பு அந்தப் பவளச் சுவர் ஒன்றுதான். உலகின் பல பாறைகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைப் பவளப்பாறை தின்றுவிடுகிறது என்கிறது.

மாலையில் கிழக்குக் கரைக்கு நடந்தோம். அங்கே கரை நெடுகப் பவளக் கற்கள் மேடாகக் குவிந்து கிடக்கின்றன. 1847இல் அடித்த பெரும்புயல் தூக்கிப் போட்டவை. எங்கள் சைட்டில் கிரேன் வைத்துத் தூக்குகிற அளவுக் கற்கள் அவற்றில் உண்டு. சுவர் இருக்கும்போதே இது. சுவர் இல்லாவிட்டால்?

முந்தைய நாள் கவரத்திக் கரையில் டெட்ராபாட் அடுக்கியிருப்பதைப் பார்த்து எனக்கு ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷம். மும்பை மெரைன் டிரைவ் காட்சி வரும் சினிமாவிலெல்லாம் பார்த்திருப்பீர்களே, அந்த நாலு கால் கான்கிரீட் பூதம். 1950இல் பிரான்சில் வடிவமைத்தது. நான் நூற்றுக்கணக்கில் வார்த்திருக்கிறேன். அது நல்ல வேலையாள்தான். ஆனால் போட்ட நாளிலிருந்து அது தேயத்தான் செய்யும். உடைந்தால் டெண்டர் விட வேண்டும். கடல் மட்டம் ஆண்டுக்கு நாலு மில்லிமீட்டருக்கு மேல் ஏறுகிறது. டெட்ராபாட் அரை மில்லிமீட்டர்கூட வளராது. உடைந்ததைத் தானே சரிசெய்து, கடலோடு சேர்ந்து தானும் உயரக்கூடிய சுவரைக் கட்டியிருப்பது பவளம்.

இது லட்சத்தீவுக்காரர்கள் கவலை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவில் நமக்கு 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தோம். தூத்துக்குடிக்கு அருகே விலங்குசல்லி, கீழக்கரைக்கு அருகே பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. வெட்டியவர்கள் கெட்டவர்கள் அல்ல. கல் என்று நினைத்தார்கள். அதே பகுதியில் கரைந்துவந்த வான் தீவைக் காக்க, 2015 வாக்கில் தொடங்கி, துளையிட்ட கான்கிரீட் அமைப்புகளைக் கடலில் இறக்கினார்கள். அலையையும் தடுக்க வேண்டும், மேலே பவளமும் பிடித்து வளர வேண்டும். என் தொழிலில் நான் பார்க்க விரும்பும் கான்கிரீட் அதுதான். இங்கே அமர்ந்திருக்கும் கட்டுமானத் துறை நண்பர்களே, அடுத்த கடலோர வேலைக்கு வரைபடம் போடும்போது அதையும் மேசைமேல் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மற்றவர்களுக்கு மூன்றே விஷயம். தீவுக்குப் போனால் பவளத்தின்மேல் கால் ஊன்றாதீர்கள். வெயிலுக்குக் கிரீம் பூசுவதைவிட முழுக்கைச் சட்டை போடுங்கள். பவளத்தைக் கெடுக்கும் இரண்டு ரசாயனங்கள் கலந்த கிரீமை விற்க 2021 முதல் ஹவாயில் தடை உண்டு. பவளத் துண்டை நினைவுக்காகப் பையில் போடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் அது புலிக்குச் சமமான பாதுகாப்பில் இருக்கிறது. இவ்வளவு செய்தால் சூடு குறைந்துவிடுமா என்று கேட்பீர்கள். குறையாது. ஆனால் பட்டினி கிடக்கும் உயிரை மிதிக்காமலாவது இருக்கலாம்.

போய்ப் பாருங்கள், குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். பார்த்தவர்களுக்குத்தான் அது கல் அல்ல என்று தெரியும்.